காதைப் பழக்கிய கதை

மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தில் பதினான்கு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவள் நான். வாரத்தில் ஐந்தரை நாள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இசைக்கலைஞர். இந்த இரண்டாவது பதவிக்கு என்னை யாரும் தேர்வு வைத்து எடுக்கவில்லை. எனக்கு முன்னால் வாசித்தவர் குடும்பத்தோடு ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார். இந்தக் குளிரில் கீபோர்டை யாரும் தொடாமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்று அப்போதிருந்த பாஸ்டர் கவலைப்பட்டார். சபையில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விரல் ஓடும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

விரல் ஓடத்தான் செய்தது. ஆனால் வெள்ளைக் கட்டைகளில் மட்டும். கறுப்புக் கட்டைகளுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. அதற்கு அவசியமும் வரவில்லை. கீபோர்டின் இடது மூலையில் சுருதி மாற்றும் பொத்தான் ஒன்று இருந்தது. பாடுகிறவர் எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் அந்தப் பொத்தானை மேலேயோ கீழேயோ நாலு தட்டுத் தட்டினால் போதும், பெட்டி முழுவதும் அவர் சுருதிக்கு நகர்ந்துவிடும். என் விரல்கள் பழைய வெள்ளைக் கட்டைகளிலேயே நடந்துகொண்டிருக்கும். முதல் வரி பாடி முடிவதற்குள், மோதாத இடம் கிடைக்கும்வரை தட்டிப் பார்ப்பேன். பாசாரில் கார் நிறுத்துவதுபோல, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. பிறகு நிம்மதி. இதைத்தான் சபை என் திறமை என்று நம்பியது. சில வருஷங்களில் நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

பாட்டை ஆரம்பித்துக் கொடுப்பவர் எல்லாருக்கும் அண்ணன். தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ராட்சத விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். அவர் எழுந்து நின்று பாட்டு எண்ணைச் சொல்லி, தொண்டையைச் செருமி, அந்த நாளைக்குத் தோன்றிய ஏதோ ஓர் இடத்தில் ஆரம்பிப்பார். அந்த இடம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் பொத்தானோடு பின்னால் ஓடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நீண்ட மழைக்காலம். ஆபீஸில் கோப்புகளெல்லாம் நனைந்த அப்பளம்போல் ஆகிவிட்டன. அந்த ஈரம் கீபோர்டுக்குள்ளேயும் போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஆரம்பித்தார், நான் பொத்தானைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினேன். குத்தினேன். பொத்தான் உள்ளே போனது, வெளியே வரவில்லை. அண்ணன் அன்றைக்குப் பார்த்து, கறுப்புக் கட்டைகள் நிறைந்த ஒரு சுருதியில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த வெள்ளைக் கட்டைகளை வாசித்துப் பார்த்தேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டி ரோசாக், வேலை செய்யவில்லை என்று பாஸ்டருக்குச் சைகை காட்டினேன். ஆராதனை முழுவதும் கீபோர்டு இல்லாமலே நடந்தது.

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது வீட்டு அக்கா என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கிப் பாட்டு எவ்ளோ நல்லா கேட்டுச்சு தெரியுமா! ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுச்சு லா.”

அவர் என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் புண்படுத்தியது.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அன்று மாலையே போன் செய்தேன். புதுக் கீபோர்டு என்ன விலை இருக்கும் என்று விசாரிக்கத்தான். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

“அம்மா, அவர் பாடறதைக் கேட்டா எந்தக் கட்டைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அது பெரிய பெரிய ஆளுங்களுக்குத்தான் தெரியும்.”

“இல்லம்மா. ஒரே ஒரு சுரத்தைக் கேட்டவுடனே பேர் சொல்றதுதான் சின்ன வயசுலயே வரணும். ஒரு சுரத்துலேருந்து இன்னொரு சுரம் எவ்ளோ தூரம்னு கண்டுபுடிக்கிறது யாருக்கும் வரும். பழகணும், அவ்ளோதான். அதுக்கு ஆப் இருக்கு. அனுப்பறேன்.”

அனுப்பிவிட்டாள். புதுக் கீபோர்டைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மகளுக்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அந்த ஆப் இரண்டு சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும். இடையில் எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த ச ரி க ம எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால் முதல் சுரத்தை ச என்று வைத்துக்கொள்வேன். இரண்டாவது ம-வா, ப-வா? முதல் நாள் பத்துக்கு மூன்று சரி. மறுநாள் பத்துக்கு இரண்டு. “நல்ல முயற்சி!” என்று ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் பாராட்டியது. ஆபீஸில் எந்த மேனேஜரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்பதால் தொடர்ந்து செய்தேன்.

ஒவ்வொரு தூரத்துக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அது ஒரு பட்டியல் கொடுத்தது. எல்லாம் ஆங்கிலப் பாட்டு. ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவே என் பட்டியலை நானே தயாரித்தேன். ஆபீஸ் வாசலில் பெருவிரல் வைத்து வருகையைப் பதியும் இயந்திரம், சரியாகப் பதிந்தால் ச-விலிருந்து ம-வுக்கு ஏறும். பதியாவிட்டால் அரைச் சுரம் கீழே இறங்கி முனகும். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆம்புலன்ஸ் ஒரு தூரம். லயத்தில் அம்மாக்கள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது பேரின் கடைசி எழுத்தைக் கீழே இறக்கி இழுப்பார்களே, அது இன்னொரு தூரம். எந்த வீட்டில் எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும், எந்தப் பேராக இருந்தாலும், அந்த இறக்கம் மட்டும் ஒரே அளவு. நாற்பத்தேழு வருஷமாக அதே லயத்தில் இருந்தும் இதை அப்போதுதான் கவனித்தேன். ச-விலிருந்து ப-வுக்கு எங்கள் வீட்டுத் தகரக் கதவு. அதற்கு எண்ணெய் போட வேண்டாம் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கணவர் லாரி ஓட்டுகிறவர். திரிங்காப்பில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார். அவருக்கு ஒலியில் ஒரே ஒரு பாகுபாடுதான் உண்டு: எஞ்சின் நன்றாக இருக்கிறது, எஞ்சின் நன்றாக இல்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நான் சுவரைப் பார்த்து “ம... இல்ல, ப... இல்ல, ம” என்று முனகுவதை இரண்டு வாரம் பொறுத்தார்.

“யார்கிட்டப் பேசற?”

“யார்கிட்டயும் இல்லங்க. காதுக்குப் பயிற்சி.”

“எனக்கு நீ சொல்றது ஒண்ணும் ஏற மாட்டேங்குது. காதுக்கு என்ன பயிற்சி? அது சும்மாதானே தொங்கிட்டு இருக்கு?”

நாலைந்து மாதத்தில் நான் பத்துக்கு ஒன்பது எடுக்கத் தொடங்கினேன். கூடவே, கறுப்புக் கட்டைகளோடும் வேலை செய்தேன். ஆபீஸ் முடிந்து தேவாலயச் சாவியை வாங்கிக்கொண்டு போய், வெளிச்சம் இருக்கும்வரை ஒவ்வொரு சுருதியிலும் மூன்று மூன்று கார்டு, அதாவது சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு, பிடித்துப் பழகினேன். அண்ணன் ஆரம்பித்ததும் அவருடைய ச எது என்று மனதில் பிடித்து, அதை ஒரு கட்டையில் உறுதி செய்து, அங்கிருந்து மற்றதை அளந்துகொள்ள வேண்டும். முதல் தடவை அது சரியாக விழுந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உடம்பு சிலிர்த்தது. சபையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முன்பும் வாசித்தாள், இப்போதும் வாசிக்கிறாள். பெட்டியை யாரோ ரிப்பேர் செய்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

ஆனால் பழக்கிய காதைத் திரும்பக் கழற்றி வைக்க முடியாது என்பதை எந்த ஆப்பும் எச்சரிக்கவில்லை.

கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஒருவர் கையில் மைக்கோடு, கணினியில் ஓடும் இசைக்குப் பாடிக்கொண்டிருந்தார். இசை ஓரிடத்தில் இருந்தது, அவர் அதற்குக் கால் சுரம் கீழே இருந்தார். அரைச் சுரம் என்றால்கூட மன்னித்திருப்பேன். கால் சுரம், கண்ணுக்குள் விழுந்த தூசிபோல. சாம்பார் வந்தது, ரசம் வந்தது, எதுவும் இறங்கவில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால் அதே பாடகர் இன்னொரு கல்யாணத்தில் பாடியதைக் கேட்டு, என்ன குரல் என்று சொல்லி இரண்டாவது முறை பாயசம் வாங்கியவள்தான் நான்.

“ஏன் எலையையே பாத்துக்கிட்டு இருக்க?” என்றார் கணவர்.

“அவர் சுருதி சேரல.”

“சோத்தைச் சாப்புடு புள்ள. அவரு சுருதி உன் எலையிலயா விழுது?”

அங்கிருந்து என் நிலைமை மோசமானது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, பஸ் நிலையத்து அறிவிப்பு மணி, எதையும் சும்மா கேட்க முடியவில்லை. எல்லாரும் எவ்வளவு தப்பாக வாழ்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது கொஞ்சம் இன்பமாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த இன்பத்தோடுதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீபோர்டில் உட்கார்ந்தேன். அன்றுதான் அண்ணனைக் கண்டுபிடித்தேன்.

ஐந்து சரணம் உள்ள பாட்டு. முதல் சரணத்தில் அவர் என்னோடு சரியாக நின்றார். இரண்டாவதில் ஏதோ ஓர் உறுத்தல். மூன்றாவதில் சந்தேகமே இல்லை: அவர் இறங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது சரணத்தில் ஒரு முழுச் சுரம் கீழே போயிருந்தார். சபை முழுவதையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தார். மேலே, ஆரம்பித்த இடத்தில், நான் மட்டும் தன்னந்தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் அப்படி. அதற்கடுத்த வாரமும். பதினோரு வருஷமாக இது நடந்திருக்கிறது. என் காதில் விழவே இல்லை.

நல்லவள் இதை மனதோடு வைத்துக்கொண்டிருப்பாள். நான் அன்றைக்குத் தேநீர் நேரத்திலேயே அவரிடம் போனேன். கையில் கறிபஃப்போடு சுவரோரம் நின்றிருந்தார்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு தங்கச்சி.”

“பாட்டு கொஞ்சம் எறங்குதுண்ணே. போகப் போக.”

“எறங்குதா? எங்க எறங்குது?”

“சுருதி எறங்குது. ஆரம்பிச்ச எடத்துல முடிய மாட்டேங்குது.”

அவர் கறிபஃப்பை மென்று முடித்தார். “மலை மேல இருக்கோம். எங்க போனாலும் எறங்கித்தான் ஆகணும்” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். நான் கைப்பேசியை எடுத்தேன். அதில் சுருதி காட்டும் ஒரு முள் உண்டு. பாடினால் எந்தச் சுரத்தில் இருக்கிறோம், எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று காட்டும். “இதைப் பாத்துக்கிட்டே பாடுங்கண்ணே” என்றேன். அவர் மெல்லிய குரலில் இரண்டு சரணம் பாடினார். முள் சாய்ந்தது, மேலும் சாய்ந்தது, அடுத்த சுரத்துக்கே போய்விட்டது. தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது நோயாளிகள் அந்தக் கருவியைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிதான்” என்றார். தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தொண்டை சரியில்லை என்று பாஸ்டரிடம் சொல்லியிருந்தார். வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்தார். நானே கீபோர்டிலிருந்து ஆரம்பித்துப் பாடினேன். எல்லாருக்கும் வசதியான சுருதியாகத் தேர்ந்தெடுத்தேன். முதல் சரணத்தில் ஆரம்பித்த இடத்திலேயே ஐந்தாவது சரணம் வந்து சேர்ந்தது. ஓர் இம்மி பிசகவில்லை. முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து பார்த்தால் பாதிப்பேர் வாயைத் திறக்கவே இல்லை.

நாலு வாரம் இப்படிப் போனது. அண்ணனின் தொண்டை குணமாகவில்லை. சபையின் பாட்டு ஒவ்வொரு வாரமும் மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் சம்பளப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வந்த மூன்றாவது வீட்டு அக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

“ஏன்க்கா யாரும் பாட மாட்டேங்கிறீங்க?”

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “நீ போன்ல மெஷின் வச்சிருக்கியாமே. யார் தப்பாப் பாடறாங்கன்னு அது காட்டிருமாமே. எங்களுக்கு எதுக்கும்மா சூசா, வீண் தொல்லை? வாய மூடிக்கிட்டு இருந்தா ஆண்டவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.”

மெஷின் அப்படியெல்லாம் தனித்தனியாகக் காட்டாது என்று விளக்கினேன். “அதான, அதான” என்று தலையாட்டினார். நம்பவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். “அவரைப் பாட வேண்டாம்னு நீ சொல்லலையே” என்றார். சொல்லவில்லைதான். “முள்ளைத்தானே காமிச்ச.” ஆமாம், முள்ளைத்தான் காட்டினேன். அவர் எனக்கு ஆதரவாகப் பேசுகிறாரா, எதிராகப் பேசுகிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் குரலிலும் ஏற்ற இறக்கம் இல்லை.

அந்த வாரத்தில்தான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த மூத்த பெண்மணி ஒருவர் இறந்துபோனார். எண்பதைத் தாண்டியவர். மலைச்சரிவில் கூடை சுமந்து நடந்த கடைசித் தலைமுறை. இப்போது இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள் நேபாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும்தான். அவர்களுக்கு வாராவாரம் பலகாரம் கொடுத்துப் பழகியவர் என்பதால் அவர்களும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். சவப்பெட்டியை மலைமேல் இருக்கும் கல்லறைக்குத் தூக்கியவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். அவருடைய மகள் சிங்கப்பூரில் இருந்தாள். கீழே மண் சரிந்து சாலை அடைத்திருந்ததால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. எனக்குப் போன் செய்து அழுதாள்.

“அக்கா, அடக்கத்துல பாடறதையாவது ரெகார்ட் பண்ணி அனுப்புங்கக்கா. முழுசா வேணும். நிறுத்திராதீங்க.”

கல்லறைக்கு மின்சாரமும் இல்லை, கீபோர்டும் இல்லை. தூறல் வேறு. பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை எனக்கு இப்போதும் மறக்கவில்லை. கேள்வி மாதிரியும் இருந்தது, அனுமதி மாதிரியும் இருந்தது. நான் கைப்பேசியைக் குடைக்குள் மறைத்துப் பிடித்திருந்தேன், பதிவு செய்வதற்காக. அவர் அதை என்னவென்று நினைத்தாரோ! இரண்டு நொடி தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்த சபை பாடியது. நனைந்துகொண்டு, சேற்றில் நின்றுகொண்டு, பாடியது. அழுதுகொண்டு பாடியவர்களும் இருந்தார்கள். பாஷை தெரியாத நேபாளி ஆட்கள் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே முனகினார்கள். நான் குடைக்கம்பைப் பிடித்தபடி, எத்தனை இறங்குகிறது என்று கணக்குப் பார்க்கக் கூடாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், அந்தப் பதிவைச் சிங்கப்பூருக்கு அனுப்புமுன், சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் காது குற்றவாளியைத் தேடியது. ஆரம்பத்தையும் முடிவையும் ஒப்பிட்டேன். ஒன்றரைச் சுரம் இறக்கம். இதுவரை இல்லாத அளவு. எங்கே இறங்கினார் என்று பிடிப்பதற்காக மறுபடி முதலிலிருந்து, வரி வரியாக, ஆப்பில் செய்வதுபோல் இரண்டிரண்டு சுரமாகக் கேட்டேன்.

ச-விலிருந்து ப. சரியாக இருந்தது. ப-விலிருந்து ம. சரி. ம-விலிருந்து க. சரி. அடுத்த வரி. சரி. எந்த இரண்டு சுரத்தை எடுத்தாலும் இடையில் இருந்த தூரம் சரியாக இருந்தது. தப்பு எங்குமே இல்லை. ஆனால் முடிவில் ஒன்றரைச் சுரம் இறங்கியிருந்தது. ஒவ்வோர் அடியிலும் காதுக்கு எட்டாத ஒரு துளி, அதை எண்பது பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் விட்டிருந்தார்கள். ஒருவர்கூட பின்தங்கவில்லை, ஒருவர்கூட முந்தவில்லை.

ஒரு சுரம் உலகத்தில் எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை, பக்கத்தில் இருக்கும் சுரத்துக்கும் அதற்கும் என்ன தூரம் என்பதுதான் முக்கியம். இதைத்தான் நான் மாதக்கணக்காகப் படித்தேன். இந்தத் தேர்வை எங்கள் சபைக்கு வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு. நான் அவர்களுக்கு வேறு ஒரு தேர்வை வைத்து, அதில் எல்லாரையும் தோற்கடித்திருக்கிறேன். அவர்கள் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தபோது சுருதி சேராமல் மேலேயே நின்றது ஒன்றே ஒன்றுதான். அதை வாசித்தவள் நான்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

“அண்ணே, அந்தப் பதிவைக் கேட்டேன்.”

“எவ்ளோ எறங்கியிருக்கேன்?” அவர் கேட்ட விதம் டிரெஸ்ஸரிடம் கேட்பதுபோல இருந்தது.

“எறங்கியிருக்கீங்க. ஆனா நீங்க தப்பாப் பாடலண்ணே. யாருமே தப்பாப் பாடல. நீங்க எல்லாரும் ஒண்ணாத்தான் எறங்கியிருக்கீங்க. அந்தப் பெட்டி எறங்காது. அதால முடியாது. அதனாலதான் சேரல.”

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். எனக்கு உட்கார வேறு ஒன்றும் இல்லை.

“அப்போ பெட்டிதான் தப்பு?”

“ஆமாண்ணே. பெட்டிதான்.”

“அது தெரியும் தங்கச்சி” என்றார்.

“எது தெரியும்?”

“ரெண்டாஞ் சரணத்துலேருந்து உன் பெட்டி சேராது. என்னையப் புடிச்சு மேல இழுத்துக்கிட்டே இருக்கும். நீ வாசிக்க வந்த நாள்லேருந்து அப்படித்தான். ஃபேக்டரியில முப்பது வருஷம் விசிறிச் சத்தத்துல நின்னவன் நான். ஒரு விசிறி சத்தம் மாறுனா தூக்கத்துலயும் தெரியும். இது தெரியாதா?”

“ஏண்ணே சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீ ஆசையா வாசிக்கிற. மனசு கஷ்டப்படுவ. பாவம், போகட்டும்னு விட்டுட்டேன். நான் சத்தமாப் பாடினா உன் பெட்டி அவ்ளோவாக் கேக்காது. அதான் சத்தமாப் பாடுவேன்.”

பதினோரு வருஷம். என் காதில் விழாத ஒன்றை அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுக்கொண்டு, அதற்கு மேலே குரலை உயர்த்திப் பாடி, யாருக்கும் தெரியாமல் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். எனக்குக் காது வந்த மூன்றாவது வாரமே நான் முள்ளோடு போய் நின்றேன்.

மன்னிப்புக் கேட்டேன். “விடு, விடு” என்றார். ஒரு கட்டுக் கீரையைப் பறித்து, வேரில் இருந்த மண்ணை உதறிக் கையில் கொடுத்தார். பிறகு, முகத்தை மாற்றாமல், “ஆனா அந்த முள்ளு நல்லாத்தான் இருக்கு. என் பேரன்கிட்டச் சொல்லி என் போன்லயும் போடச் சொல்லியிருக்கேன்” என்றார்.

நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். முதல் சரணத்துக்கு மட்டும் நான் வாசிப்பேன். சபை உள்ளே வந்து உறுதியாக நின்றதும் கையை எடுத்துவிடுவேன். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாஸ்டருக்கு இது ஏன் என்று விளக்க முயன்றேன். மின்சாரம் மிச்சமாகும் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். உலகத்தில் இவ்வளவு காலம் உழைத்து, குறைவாக வாசிக்கக் கற்றுக்கொண்ட கலைஞர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அண்ணன் மறுபடி முன்னால் வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். அவருக்கும் உற்சாகம். ஒரு மாதம் ஓய்வு எடுத்த தொண்டை வேறு. பாட்டு எண்ணைச் சொன்னார், செருமினார், ஆரம்பித்தார். கூரைக்குப் பக்கத்தில் எங்கோ ஆரம்பித்துவிட்டார். நான் அவர் ச-வைப் பிடித்து வாசித்தேன். முதல் சரணத்தின் உச்சி வந்தபோது பெண்கள் பக்கம் பாதிக் குரல்கள் கிறீச்சிட்டன, ஆண்கள் பக்கம் காற்று மட்டும் வந்தது. மூன்றாவது வீட்டு அக்கா கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார், இதையும் நான்தான் செய்தேன் என்பதுபோல. சரணம் முடிந்ததும் ஒப்பந்தப்படி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து பாடினேன். கழுத்து நரம்பு புடைக்க எல்லாரும் இழுத்துப் பிடித்துப் பாடி, மெல்ல மெல்ல இறங்கினோம். ஐந்தாவது சரணத்தில்தான் எல்லாருக்கும் வசதியான இடம் வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டில் மொத்தமே ஐந்து சரணம்தான்.